கலப்பு வேறு, கலப்படம் வேறு! வெற்றிலை ஊருக்குப் புரியும் இத்தாலி ஒயின் ரகசியம்

பரமத்தி வேலூர்-

வெறும் வெற்றிலையை மென்றால் வாய் பச்சை. வெறும் பாக்கைக் கடித்தால் துவர்ப்பு. வெறும் சுண்ணாம்பை வைத்தால் நாக்கு வெந்து போகும்.

மூன்றும் சேர்ந்தால்?

குபீர் என்று சிவப்பு! வாயெல்லாம் மணம்!

இந்த ரகசியத்தைப் பரமத்தி வேலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காவிரிக் கரையில் கொடிக்கால் போட்டு, பரம்பரை பரம்பரையாக வெற்றிலை கிள்ளும் ஊர் இது. வெள்ளைக்கொடி, கற்பூரி என்று ரகம் பிரித்து, 104 கவுளி கொண்ட சுமையாகக் கட்டி ஏலம் விடும் ஊர். ஒரு கவுளிக்கு 100 இலை. கணக்குப் போட்டால் ஒரு சுமைக்குப் பத்தாயிரத்துச் சொச்சம் இலை!

இதே வித்தையைத்தான் இத்தாலி நாட்டில் திராட்சையை வைத்துச் செய்கிறார்கள். ஒரு திராட்சை புளிப்பு தரும். இன்னொன்று துவர்ப்பு தரும். மூன்றாவது வாய்க்கு மெத்தென்று இருக்கும். தனித்தனியே புளிக்க வைத்து, அளந்து கலந்து, மர மிடாவில் வருஷக்கணக்கில் ஊற வைத்து, ஒரு பாட்டில் நூறு டாலருக்கு மேல் விற்கிறார்கள். வாங்குவதற்கு ஆள் க்யூவில் நிற்கிறது.

அதே இத்தாலியில், கலக்கக் கூடாத சரக்கைக் கலந்து 23 பேர் உயிரைக் குடித்த பயங்கரமும் நடந்தது. அது 1986-ம் ஆண்டு. அதே விஷம்தான் 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் பலி வாங்கியது.

ருசி பார்க்கத் தெரிந்த நாக்கு எதைக் கண்டுபிடிக்கும்? எதைக் கண்டுபிடிக்காது? விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ஒயின் ஷாப்பில் ஒயின் உண்டா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்.

தமிழ்நாட்டில் சாராயக் கடைக்குப் பெயர் "ஒயின் ஷாப்". 2003-ல் அரசாங்கமே சில்லறைக் கடைகளை எடுத்து நடத்த ஆரம்பித்த பிறகும் அந்தப் பேர் போகவில்லை. ஆனால் கடைக்குள் போகிறவர் கேட்பது என்னவோ பிராந்தியும் ரம்மும் பீரும்தான். ஒயின் ஷாப்பில் ஒயின் கேட்பவரை மற்றவர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்!

பிராந்தி, விஸ்கி எல்லாம் காய்ச்சி வடித்த சரக்கு. நூற்றுக்கு நாற்பது பங்கு, நாற்பத்திரண்டு பங்கு ஆல்கஹால். ஒயின் காய்ச்சுவதில்லை. பழச்சாறு தானாகப் புளித்து வருவது. ஆல்கஹால் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்குக்குள் நிற்கும். நம் பக்கத்துச் சரக்கோடு ஒப்பிட வேண்டுமானால் ஒயினுக்கு உறவு சாராயம் அல்ல, கள்ளுதான். தென்னங்கள்ளு பாளையிலிருந்து இறங்கியதும் புளிக்க ஆரம்பித்து, மாலைக்குள் உச்சத்துக்குப் போய், மறுநாள் காடியாகிவிடும். இத்தாலிக்காரன் அந்தப் புளிப்பைப் பிடித்து நிறுத்தி, பத்து வருஷம், இருபது வருஷம் வைத்துக் காப்பாற்றக் கற்றுக்கொண்டான். வித்தியாசம் அவ்வளவே.

சிவப்பு நிறம் எங்கிருந்து வருகிறது? கறுப்புத் திராட்சையைப் பிழிந்து பார்த்தால் சாறு வெளுப்பாகத்தான் இருக்கும். நிறம் எல்லாம் தோலில். தோலோடு சேர்த்துப் புளிக்க வைத்தால் சிவப்பு ஒயின். தோலை எடுத்துவிட்டால் வெள்ளை. தோலோடு ஊறும்போது நிறம் மட்டும் இறங்குவதில்லை. துவர்ப்பும் சேர்ந்தே இறங்கும். பாக்கில் இருக்கும் துவர்ப்புச் சரக்கும் இதே ஜாதிதான். சுண்ணாம்பு பட்டதும் பாக்கின் துவர்ப்புச் சத்து சிவந்து போவதால்தான் தாம்பூலம் சிவக்கிறது.

காவிரிக்கு அக்கரையில் யவனர் ஜாடி

இத்தாலி ஒயினுக்கும் இந்தச் சீமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், வேலூர்ப் பாலத்தில் ஏறிக் காவிரியைத் தாண்ட வேண்டும். அக்கரையில் தவிட்டுப்பாளையம். அப்படியே தெற்கே போனால் கரூர்.

கரூரில் அமராவதி ஆற்று மணலில் ரோமாபுரிக் காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்தது ஊரறிந்த சங்கதி. அங்கே மண்ணைத் தோண்டிய தமிழ்நாடு தொல்பொருள் துறைக்குக் காசு மட்டும் கிடைக்கவில்லை. ரோமாபுரி ஜாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. இரண்டு பக்கமும் காது வைத்த, அடி கூம்பிய ஜாடி. ஒயினும் எண்ணெயும் கப்பலில் ஏற்றுவதற்கென்றே செய்த ஜாடி.

புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் என்ற வெள்ளைக்காரர் தோண்டியபோதும் இதே ஜாடி. கேரளாவில் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் தோண்டியபோது ஆயிரக்கணக்கில் ஓடுகள். அந்த ஓடுகளில் ஒரு வகையில் கறுப்பு மணல் மின்னுகிறது. அது எரிமலை மணல்! இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் வெசுவியஸ் எரிமலை இருக்கிறதே, அந்த வட்டாரத்து மண். கி.பி. 79-ல் வெடித்து பாம்பெய் நகரத்தையே மூடியது அந்த மலைதான்.

முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வியாபாரி எழுதி வைத்த கடல் வழிக் குறிப்பு ஒன்று இருக்கிறது. குஜராத் பக்கத்து பாருகச்சத் துறைமுகத்தில் ஒயின் நன்றாக விலை போகும் என்றும், அதிலும் இத்தாலிச் சரக்குக்குத்தான் முதல் கிராக்கி என்றும் அதில் எழுதியிருக்கிறார். சேர நாட்டு முசிறிக்கும் ஒயின் போனது. ஆனால் அதிகம் இல்லையாம். இங்கிருந்து திரும்பிப் போனது மிளகு.

புறநானூற்றில் 56-வது பாட்டு நக்கீரர் பாடியது. யவனர்கள் நல்ல ஜாடியில் கொண்டு வந்த மணமுள்ள மதுவை, பெண்கள் பொற்கிண்ணத்தில் ஊற்றித் தர, தினமும் குடித்து மகிழ்ந்து இரு என்று பாண்டிய ராஜாவை அவர் வாழ்த்துகிறார்.

ஆக, இத்தாலி ஒயினின் மணத்தைப் பற்றித் தமிழில் முதலில் எழுதியவர் ஒரு சங்கப் புலவர்!

அந்தக் காலத்து ரோமாபுரிக்காரர்கள் ஒயினை அப்படியே குடிக்க மாட்டார்கள். தண்ணீர் கலந்துதான் குடிப்பார்கள். கலக்காமல் குடிப்பவனைக் காட்டான் என்பார்கள். நம் ஊர் "ரா" பேர்வழிகள் அங்கே போயிருந்தால் சபையில் இடம் கிடைத்திருக்காது.

ஒயின் கலந்த பிரதம மந்திரி

கலப்புக்கு வருவோம்.

இத்தாலியில் டஸ்கனி என்று ஒரு மாகாணம். பிளாரன்ஸ், சியன்னா நகரங்கள் இருக்கும் சீமை. அங்கே பிரோலியோ என்ற கோட்டைக்குச் சொந்தக்காரர் பெத்தினோ ரிக்காசோலி. பெரிய மிராசு. பிடிவாதக்காரர். "இரும்புப் பிரபு" என்று பட்டப்பெயர். 1861-ல் இத்தாலிக்கே பிரதம மந்திரி ஆனார். 1866-ல் மறுபடியும் ஆனார்.

அவரைப் பற்றி ஒரு சுவையான கதை அங்கே உலவுகிறது. கல்யாணமான புதிதில் ஒரு நடன விருந்துக்குப் போனாராம். வாலிபர் ஒருவர் அவருடைய இளம் மனைவியோடு கொஞ்சம் அதிகமாகவே ஆடிவிட்டாராம். "கிளம்பு, வீட்டுக்குப் போகலாம்" என்று வண்டியில் ஏற்றியவர், பிளாரன்ஸ் வீட்டுக்குப் போகாமல் ராத்திரியோடு ராத்திரியாக மலைக்கோட்டைக்கே ஓட்டச் சொல்லிவிட்டாராம். பிறகு அங்கேயே குடித்தனமாம். கதை நிஜமோ பொய்யோ, கோட்டையில் அவர் பல வருஷம் திராட்சையோடு மல்லுக்கட்டியது நிஜம்.

எந்தத் திராட்சையில் எதை எவ்வளவு சேர்த்தால் ருசி? கலந்து கலந்து பார்த்தார். 1872-ல் பைசா நகரத்துப் பேராசிரியர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் முடிவைச் சொன்னார். சாஞ்சியோவேசே என்ற திராட்சை முதலாளி. மணமும் முறுக்கும் அதனுடையது. கனாயோலோ என்ற திராட்சை அதன் முரட்டுத்தனத்தைத் தணிக்கும். மால்வாசியா என்ற வெள்ளைத் திராட்சை கொஞ்சம் சேர்த்தால் சீக்கிரம் குடித்துத் தீர்க்கும் ஒயினுக்கு ஆகும். வைத்துக் குடிக்கும் ஒயினுக்கு அது வேண்டாம். இதுதான் கியாந்தி ஒயினின் மூலச் சூத்திரம்.

இங்கே நம்ம ஊர்ப் பிரதமரையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 1937-ல் சென்னை மாகாணப் பிரதமர் ராஜாஜி. அக்டோபர் 1-ந் தேதி மதுவிலக்கைக் கொண்டு வந்தார். மாகாணம் முழுவதும் அல்ல. முதல் பரீட்சை சேலம் ஜில்லாவில் மட்டும். நாமக்கல், பரமத்தி, வேலூர் எல்லாம் அப்போது சேலம் ஜில்லாதான். நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997-ல். ஆக, மாகாணத்திலேயே முதலில் கள்ளுக்கடை மூடிய ஊர்களில் இந்தக் காவிரிக்கரை ஊர்களும் சேர்த்தி. கள்ளுக்கடை வருமானம் போனதால் கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரி வந்தது.

ஒரு பிரதமர் கலந்தார். இன்னொரு பிரதமர் கடையையே மூடினார். பிறகு 1971-ல் திறந்ததும், 1974-ல் மூடியதும், 1981-ல் மறுபடி திறந்ததும், 1987-ல் கள்ளுக்குத் தடை போட்டதும் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

சட்டத்தை மீறிய ஒயின்

இத்தாலி அரசாங்கம் 1967-ல் கியாந்தி ஒயினுக்கு ஒரு சட்டம் போட்டது. அதில்தான் கோளாறு. வெள்ளைத் திராட்சை கட்டாயம் சேர்க்க வேண்டும்; நூற்றுக்குப் பத்து முதல் முப்பது பங்கு வரை! வைத்துக் குடிக்கும் ஒயினுக்கு வேண்டாம் என்று ரிக்காசோலி சொன்னதே, அது காற்றில் போயிற்று. வெள்ளைத் திராட்சை மலிவு, நிறையக் காய்க்கும். சட்டமே தண்ணீர் கலக்கச் சொன்ன மாதிரி ஆயிற்று. ஒயின் வெளிறிப் போனது. பேர் கெட்டது.

அந்தினோரி என்பது அங்கே பல நூறு வருஷமாக ஒயின் வியாபாரம் செய்யும் குடும்பம். அவர்கள் தின்யானெல்லோ என்ற தங்கள் தோட்டத்துப் பேரிலேயே 1971 அறுவடையிலிருந்து ஒரு ஒயின் போட்டார்கள். 1975-ல் வெள்ளைத் திராட்சையை அடியோடு நிறுத்தினார்கள். பதிலாகப் பிரான்சு தேசத்துக் கேபர்னே திராட்சையைச் சேர்த்தார்கள். பிரான்சு பாணியில் 225 லிட்டர் பிடிக்கும் சின்ன ஓக் மிடாவில் ஊற வைத்தார்கள்.

சட்டப்படி அதைக் கியாந்தி என்று சொல்ல முடியாது. "மேஜை ஒயின்" என்றுதான் சீட்டு ஒட்ட வேண்டும். அதாவது சாப்பாட்டோடு குடிக்கும் மட்ட ரகம். மட்ட ரகச் சீட்டு, உயர்ந்த விலை! வாங்கினவர்கள் சீட்டைப் பார்க்கவில்லை, ருசியைப் பார்த்தார்கள்.

கடலோரத்தில் போல்கெரி என்ற ஊரில் ஒரு பிரபு, வீட்டுக்காகப் போட்டுக் குடித்து வந்த கேபர்னே ஒயினை 1968 அறுவடையிலிருந்து வெளியே விட்டார். பெயர் சசிகாயா. 1978-ல் லண்டனில் ஒரு ஒயின் பத்திரிகை, பல நாட்டுக் கேபர்னே ஒயின்களை அடையாளத்தை மறைத்து வைத்து ருசிப் போட்டி நடத்தியது. ஜெயித்தது சசிகாயா 1972. அதுவும் அப்போது வெறும் மேஜை ஒயின்தான்! நிபுணர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள்.

ருசி பார்ப்பது எப்படி?

இனி ருசி விவகாரம். குடிக்கச் சொல்வதற்காக அல்ல. ருசி பார்ப்பதும் ஒரு தொழில். அதில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

கண்ணாடிக் கிளாசின் காம்பைத்தான் பிடிக்க வேண்டும். வயிற்றைப் பிடித்தால் கைச்சூட்டில் ஒயின் சூடேறும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. "இவ்வளவுதானா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் மீதி இடம் மணத்துக்கு.

முதல் வேலை கண்ணுக்கு. வெள்ளைத் துணிமேல் கிளாசைச் சாய்த்து ஓரத்தைப் பார்ப்பார்கள். நாவல்பழச் சாறு மாதிரி ஊதா அடித்தால் இளசு. ஓரம் செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருந்தால் வயசு ஆகிவிட்டது. பழுப்பே ஏறிவிட்டால் காலம் கடந்து போயிற்று.

அடுத்தது மூக்கு. கிளாசைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்ப்பார்கள். இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் வெற்றிலைக் கட்டைப் பிரித்ததும் மூக்கருகே கொண்டு போகிறவர்கள் சிரிக்கக் கூடாது!

சாஞ்சியோவேசேயில் முதலில் வருவது புளிப்புச் செர்ரிப் பழத்தின் மணம். பிறகு உலர்ந்த புகையிலை, மழை பெய்த மண், பதப்படுத்திய தோல். கேபர்னே சேர்ந்திருந்தால் கறுப்புப் பழங்களின் மணம் தூக்கும். ஓக் மிடாவை உள்ளே தீயில் வாட்டித்தான் செய்வார்கள். அதிலிருந்து வெனிலாவும் கிராம்பும் மணக்கும். மரத்தில் ஏது கிராம்பு? யூஜினால் என்ற வாசனைச் சத்து இரண்டிலும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் வெற்றிலையில் காரமாக மணக்கும் சத்துகளில் இந்த யூஜினாலும் ஒன்று. பரமத்தி வேலூர் மூக்குக்கு அந்த மணம் அந்நியம் அல்ல.

மூன்றாவதாக வாய். ஒரு மடக்கு எடுத்து உடனே விழுங்குவதில்லை. வாயெல்லாம் புரட்டி, கொஞ்சம் காற்றையும் உறிஞ்சுவார்கள். சத்தம் வரும். நாகரிகமான சபையிலும் வரும். யாரும் தப்பாக நினைப்பதில்லை. தொண்டைக்குப் பின்னால் மணம் மூக்குக்கு ஏறும்போதுதான் முழு ருசியும் பிடிபடும். ஜலதோஷம் பிடித்தால் சோறு ருசிக்காமல் போகிறதே, அதே கதை.

புளிப்பு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? நாக்கோரத்தில் எச்சில் ஊறும். துவர்ப்பு? ஈறும் கன்னமும் வறண்டு இழுக்கும். பாக்கு, மாதுளைத் தோல், கடுக்காய் தின்றவர்களுக்கு உடனே விளங்கும். எச்சிலில் இருக்கும் வழுவழுப்பைத் துவர்ப்புச் சத்து பிடித்துக்கொள்வதால் வரும் வறட்சி அது. நல்ல கலப்பு ஒயினில் இந்தத் துவர்ப்பு சொரசொரவென்று இராது. பட்டுத்துணி மாதிரி ஓடும். புளிப்பு, துவர்ப்பு, பழ ருசி, ஆல்கஹாலின் சூடு ஆகியவற்றில் எதுவும் தனியாகத் தலை தூக்கக் கூடாது. சுண்ணாம்பு கூடிய தாம்பூலம் வாயைச் சுடுகிற மாதிரி, ஒன்று மிஞ்சினாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

கடைசியாக, விழுங்கிய பிறகும் ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிப்பார்கள். மட்ட ஒயின் உடனே மறைந்துவிடும். உயர்ந்த ஒயின் நிற்கும்.

ஆனால் தொழில்முறை ருசியாளர்கள் விழுங்குவதே இல்லை! துப்பிவிடுவார்கள். அதற்கென்று ஒரு பாத்திரம் மேஜையில் இருக்கும். நம் வீட்டுத் திண்ணைப் படிக்கம்தான். ஒரு நாளில் ஐம்பது, நூறு ஒயின் பார்க்கிறவர் விழுங்கிக்கொண்டே போனால் பத்தாவது ஒயினுக்கே ஆள் சாய்ந்துவிடுவார்.

ஒயின் தயாரிக்கும் இடத்தில் கலப்பைத் தீர்மானிப்பதும் இப்படித்தான். அளவுக் குழாயில் இதில் இத்தனை, அதில் இத்தனை என்று ஊற்றி, கலக்கி, வாயில் வைத்து, துப்பி, மறுபடி கலக்கி... நாள் கணக்கில் நடக்கும். தின்யானெல்லோவில் சாஞ்சியோவேசே சுமார் எண்பது பங்கு. மீதி இருபதுதான் கேபர்னே வகைகள். அந்த இருபதை எடுத்துவிட்டால் அது வேறு ஒயின்.

சூடு இன்னொரு விஷயம். இந்த ஒயினை 16 முதல் 18 டிகிரியில் குடிக்க வேண்டும் என்பது வழக்கு. "வீட்டுச் சூடு" என்று ஐரோப்பாவில் சொல்வார்கள். அவர்கள் வீடு கல் வீடு, குளிர் தேசம். சித்திரை மாதம் பரமத்தி வேலூர் வீட்டுச் சூட்டில் வைத்தால் ஒயின் வெந்துவிடும். (வானிலை அறிக்கையில் தினமும் அடிபடும் "கரூர் பரமத்தி" இந்தப் பரமத்தி அல்ல; அது ஆற்றுக்கு அக்கரையில் கரூர் மாவட்டத்து ஊர். ஆனாலும் வெயில் இரண்டு கரைக்கும் ஒன்றுதான்!)

தொட்டுக்கொள்ள என்ன? கொழுப்புள்ள கறி பொருந்தும்; துவர்ப்பு அதை அறுத்துக்கொடுக்கும். பள்ளிபாளையம் சிக்கன் மாதிரி வரமிளகாய் கொட்டிய அயிட்டம் கூடாது. ஆல்கஹாலும் துவர்ப்பும் சேர்ந்தால் மிளகாய்க் காரம் இரட்டிப்பாகும். வாயில் நெருப்புத்தான்.

பிலிக்கல்பாளையத்து நாக்கு

இந்த ருசித் தொழில் நமக்குப் புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் பிலிக்கல்பாளையம். வெல்ல மண்டி. உருண்டை வெல்லம், அச்சு வெல்லம் எல்லாம் முப்பது கிலோ சிப்பமாகக் கட்டி ஏலத்துக்கு வரும். வெளி மாநில வியாபாரிகளும் வாங்கிப் போகிறார்கள். நிறத்தைப் பார்த்து, உடைத்து, ஒரு துண்டை வாயில் போட்டால் தெரிந்துவிடும் சமாச்சாரம் எவ்வளவோ. பாகு பதம் தப்பியதா, கரும்பு முற்றியதா, உப்பு நிலத்துக் கரும்பா என்பதெல்லாம் நாக்கு சொல்லும்.

இங்கேயும் கலப்படக்காரன் நுழைந்தான்.

கரும்புப் பாலோடு ரேஷன் கடைச் சர்க்கரையும் மூட்டைச் சர்க்கரையும் கொட்டி எடை ஏற்றுவது. நிறம் வெளுப்பாகத் தெரிய "ஹைட்ராஸ்" என்ற ரசாயனத்தைப் போடுவது. பொன் நிறத்தில் பளபளத்தால்தான் விலை என்று வாங்குகிறவர்கள் கேட்டதால் வந்த வினை. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் இந்த வட்டாரத்து ஆலைக் கொட்டகைகளில் பல தடவை சோதனை போட்டு, சர்க்கரை மூட்டைகளையும் ரசாயனத்தையும் பறிமுதல் செய்தார்கள். ரசாயனம் போட்ட வெல்லம் வைக்க வைக்கக் கறுக்கும். போடாத வெல்லம் முதலிலேயே கொஞ்சம் கறுப்பு. ஆனால் கரும்பு மணம் கமகமக்கும். கலப்படம் இல்லாத நல்ல வெல்லம் காய்ச்சுபவர் கறுப்பு வெல்லத்தோடு ஏலத்தில் நின்று கம்மி விலைக்குக் கொடுத்துவிட்டுப் போன அநியாயமும் இதனால்தான்.

சர்க்கரையோ ஹைட்ராஸோ, பழகின நாக்கு சந்தேகப்பட்டுவிடும். ஆனால் ஒரு சரக்கு இருக்கிறது. அதை எந்த நாக்கும் பிடிக்க முடியாது.

நாக்குக்குத் தெரியாத விஷம்

1986 மார்ச் மாதம். வட இத்தாலியில் மலிவு ஒயின் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வயிற்று வலி, வாந்தி, கண் தெரியவில்லை. 23 பேர் செத்தார்கள். பலர் குருடானார்கள்.

போலீஸ் விசாரணையில் வெளிவந்தது என்ன? ஒயினில் ஆல்கஹால் அளவு கம்மி. கம்மியானால் விலை கம்மி. அளவை ஏற்ற மெத்தில் ஆல்கஹால் என்ற மெத்தனாலை ஊற்றியிருக்கிறார்கள். பெயிண்டுக்கும் பிளைவுட் பசைக்கும் போகிற தொழிற்சாலைச் சரக்கு. 1984-ல் அதன் மீதிருந்த வரி நீங்கியதால் அடிமாட்டு விலைக்குக் கிடைத்திருக்கிறது.

குடித்தவர்கள் யாரும் ருசி மாறியதைக் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கவும் முடியாது. நல்ல ஆல்கஹாலும் மெத்தனாலும் பார்வைக்குத் தண்ணீர். மணமும் ருசியும் கிட்டத்தட்ட ஒன்று. அரை லிட்டர் சரக்கில் கலந்திருந்தால் ருசி நிபுணருக்கும் தெரியாது. பரிசோதனைச் சாலைதான் சொல்ல வேண்டும்.

2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20 பேருக்கு மேல் செத்தது இந்த மெத்தனாலால். மறு வருஷம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் தெருவுக்குத் தெரு பிணம் விழுந்ததும் இதனால். பாக்கெட்டில் வாங்கிக் குடித்த கூலியாட்கள். ஒரே வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் போய், பிள்ளைகள் நடுத்தெருவில் நின்ற கொடுமையைத் தமிழ்நாடே பார்த்தது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? மெத்தனால் அப்படியே இருக்கும்வரை பெரிய கேடு இல்லை. ஈரல் அதை உடைக்கும். முதலில் பார்மால்டிஹைடு. பிணத்தைக் கெடாமல் வைக்கப் போடுகிறார்களே, அதே சரக்கு. அடுத்தது பார்மிக் அமிலம்; எறும்புக் கடியில் எரிவது. இந்த அமிலம் கண் நரம்பைத்தான் முதலில் தாக்கும். பத்து மில்லி போதும், பார்வை போக. முப்பது மில்லி போதும், உயிர் போக. அதாவது அரை டம்ளர் கூட வேண்டாம்.

இதில் மோசமான சூது ஒன்று உண்டு. விஷம் உடனே காட்டாது. பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கூட ஆகும். ராத்திரி குடித்துவிட்டுத் தூங்கி, காலையில் எழுந்து, "நேத்துக் குடிச்சது ஒண்ணும் செய்யலீங்க" என்று மிச்சத்தையும் குடித்தவர்கள் உண்டு. மத்தியானத்துக்கு மேல் கண்ணில் பனி மூடியது போல் மங்கும். அப்போதுதான் ஓடி வருவார்கள்.

வைத்தியம் என்ன தெரியுமா? ஆச்சரியமாக இருக்கும். நல்ல ஆல்கஹால்! ஈரல் இரண்டையும் ஒரே கத்தியால்தான் வெட்டுகிறது. நல்ல ஆல்கஹால் உள்ளே இருந்தால் அதற்குத்தான் முதல் கவனிப்பு. மெத்தனால் வரிசையில் நிற்கும். அதற்குள் டயாலிசிஸ் செய்து ரத்தத்திலிருந்து எடுத்துவிடலாம். போமிபிசோல் என்ற மருந்தும் இதே வேலையைச் செய்யும், விலை அதிகம். இதையெல்லாம் டாக்டர் அளந்து கொடுக்க வேண்டும். வீட்டில் பிராந்தி ஊற்றிப் பார்க்கிற காரியம் அல்ல.

திராட்சை ஒயினிலும் தானாகவே துளி மெத்தனால் உண்டு. பழத்தோலில் இருந்து வருவது. அது மிகக் கம்மி, கேடு செய்யாது. கேடு செய்வது மனிதன் ஊற்றுவது.

கலந்தது குற்றமா?

23 சாவுக்குப் பிறகு இத்தாலி ஒயினை வெளிநாட்டுக்காரர்கள் தொடவே பயந்தார்கள். ஏற்றுமதி மளமளவென்று சரிந்தது. மலிவுச் சரக்கை அண்டா அண்டாவாக விற்கும் பிழைப்பு இனி ஓடாது என்று அங்கே உறைத்தது. 1992-ல் சட்டத்தை மாற்றினார்கள். தின்யானெல்லோ மாதிரி ஒயின்களுக்கு ஊர்ப் பேர் போட்டுக்கொள்ள வழி பிறந்தது. மேஜை ஒயின் என்ற மட்டச் சீட்டு போனது. சசிகாயாவுக்கு 1994-ல் தனி அந்தஸ்தே கொடுத்தார்கள். கியாந்தி சீமையின் நடுப்பகுதியான கிளாசிக்கோவில், கட்டாயம் சேர் என்று சொன்ன அதே வெள்ளைத் திராட்சையை, 2006-ல் சேர்க்கவே கூடாது என்று தலைகீழாகத் திருப்பினார்கள்!

இரண்டு வருஷம் கழித்து இன்னொரு பரபரப்பு.

மொந்தால்சினோ என்ற மலையூரில் புருனெல்லோ என்று ஒரு ஒயின். சட்டப்படி அதில் சாஞ்சியோவேசே மட்டும்தான். நூற்றுக்கு நூறு. 2008-ல் சியன்னா அரசாங்க வக்கீல் ஆபீசுக்குத் தகவல் வந்தது: சில பெரிய கம்பெனிகள் மெர்லோ மாதிரி வேறு திராட்சையைக் கலக்கின்றன. போலீசார் பாய்ந்தார்கள். லட்சக்கணக்கான லிட்டர் ஒயின் முடக்கம். அமெரிக்கா, நற்சான்று இல்லாமல் ஒரு பாட்டில் கூட உள்ளே விட மாட்டோம் என்றது.

அந்த ஒயினைக் குடித்து யாருக்கும் தலைவலி கூட வரவில்லை. ருசியும் கெடவில்லை. சொல்லப்போனால் பலருக்கு அந்த ருசிதான் பிடித்திருந்தது. பத்து மைல் தள்ளி அதே கலப்பைக் கலந்து, வேறு சீட்டு ஒட்டி விற்றால் கவுரவம். இந்த மலையில் கலந்தால் வழக்கு! சீட்டில் ஒன்றைச் சொல்லி உள்ளே ஒன்றை வைத்ததுதான் குற்றம்.

கம்பெனிகள் பல, முடக்கிய ஒயினைப் புருனெல்லோ பேர் இல்லாமல் சாதாரண டஸ்கனி ஒயினாக இறக்கி விற்றுக்கொள்ளச் சம்மதித்தன. அதோடு விவகாரம் ஓயவில்லை. புருனெல்லோவில் இல்லாவிட்டாலும் அதன் தம்பியான ரோஸ்ஸோ ஒயினிலாவது வேறு திராட்சை சேர்க்க அனுமதி வேண்டும் என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. 2011 செப்டம்பரில் அந்த ஊர் ஒயின்காரர்கள் எல்லாரும் கூடி ஓட்டுப் போட்டார்கள்.

"வேண்டாம்" என்ற பக்கம்தான் ஓட்டு அதிகம்.